கன்னி மூலையில் ஏற்றிய கருங்கல்

மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்ட காலம் அது. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறுகிற இடத்தில், மயிலாப்பூரை விட்டுப் போனவர்கள் எல்லாரும் மாடி வைத்துக் கட்டினார்கள். என் தங்கையின் மாமனாரும் கட்டினார். வக்கீல். கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற கவுனை மாலையில் கழற்றிவிடுவார். வாயை மட்டும் கழற்றமாட்டார்.

தளம் போட்டு முடிக்கிற சமயத்தில் பீகாரில் பூகம்பம். நிலம் பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டன, வீடுகள் சேற்றில் அமிழ்ந்து சாய்ந்தன என்று பேப்பரில் படித்தோம். நான் அப்போதுதான் இன்ஜினீயரிங் முடித்திருந்தேன். பாறைமேல் நிற்கிற வீட்டையும் சேற்றுமேல் நிற்கிற வீட்டையும் பூகம்பம் ஒரே மாதிரி ஆட்டாது. சேறு ஆட்டத்தைப் பெருக்கிவிடும். மேலே கனம் ஏற ஏற ஆட்டமும் ஏறும். மதராஸில் பூகம்பம் அபூர்வம்தான். ஆனால் அபூர்வம் வேறு, வரவே வராது என்பது வேறு.

மாமனாருக்கும் பயம் வந்தது. என்னைக் கேட்டாரா? ஜோசியரைக் கேட்டார். தென்மேற்கில் இருக்கிற கன்னி மூலை கனமாக இருந்தால் வீடு அசையாது என்று அந்த மகானுபாவர் சொல்லிவிட்டார். உடனே, இடித்த மயிலாப்பூர் வீட்டுக் கருங்கல் தூண், கல்தொட்டி, ஆட்டுக்கல் எல்லாம் மாட்டுவண்டியில் வந்து இறங்கி, கன்னி மூலை மாடி அறைக்கு ஏறின.

"மாமா, இது ஏரி மண். ஒரு மூலையில மட்டும் இவ்வளவு பாரம் ஏத்தினா, ஆடறபோது வீடு முறுக்கிக்கும். பூகம்பமே வராட்டாலும் மழைக்கு அந்த மூலை இறங்கிடும்" என்றேன்.

"கனமான பெட்டியை எவனாவது தள்ள முடியுமோ? சொல்லும் பார்ப்போம்."

"பெட்டியை யாரும் தள்ளறதில்லை மாமா. அடியில இருக்கிற பாயை இழுக்கறது."

"பாயும் நம்மது, பெட்டியும் நம்மது" என்று சிரித்தார். நானோ பெண் கொடுத்த வீட்டுக்காரன். அதற்குமேல் என்ன பேச முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அந்தக் கல்லுக்கு நேர் கீழே இருக்கிற அறை சம்பிரதாயப்படி வீட்டுப் பெரியவருக்கு. அவரே அங்கே கட்டில் போட்டுக்கொண்டார். சொன்னதைத் தானும் நம்புகிறாரே என்று அந்த மட்டும் மதித்தேன்.

ஐப்பசி மழையில் அந்த அறையின் ஜன்னல் முனையிலிருந்து கூரைவரை கோணலாக விரிசல் ஓடியது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு ஓரமும் காரை பூசி ஒட்டினேன். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

"சுவத்துக்கே மூக்குக்கண்ணாடி போட்டுட்டீரே!" என்று கேலி செய்தார்.

கார்த்திகையில் மறுபடி போனேன். கண்ணாடியைக் காணோம். விரிசலை மறைத்துப் புதுச் சுண்ணாம்பு. தங்கை மலர்ந்த முகத்தோடு காபி கொண்டுவந்தாள்.

"கண்ணாடி ரெண்டா உடைஞ்சுடுத்து அண்ணா. உடைஞ்ச கண்ணாடி ஆத்துல ஆகாதுன்னு மாமனார் எடுத்துப் போட்டுட்டார். அப்புறம் பாரேன், இந்த ரூமையே எங்களுக்குக் குடுத்துட்டார். குழந்தைக்குக் காத்து வேணுமாம்!"

கூடத்துக்கு வந்தேன். கன்னி மூலைக்கு நேர் எதிரான வடகிழக்குக் கோடியில் அவருடைய கட்டில் கிடந்தது. அவர் அதில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கருங்கல்லுக்கு அடியில் தூளி, தூளிக்குள் குழந்தை. சம்பந்தி மரியாதை எல்லாம் பறந்துபோயிற்று.

"மாமா, அந்த ரூம் அவ்வளவு கெட்டின்னா நீங்களே இன்னிக்கு அங்க படுத்துக்கோங்கோ. குழந்தை இங்க தூங்கட்டும்."

தங்கை பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். அவர் பேப்பரை இறக்கவில்லை. கட்டிலை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

தங்கை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையை விட்டுவிட்டு உள்ளே போய், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தூளியை அவிழ்க்க ஆரம்பித்தாள்.