ஏபிக்குள் ஒரு பி

ஏற்காட்டில் ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தரும் செயலியை எழுதியவன் நான்தான். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத, பக்கத்துத் தலைச்சோலை ஊர்ப் பெண்ணைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நானும் உடன் இருந்தேன். அங்கே ரத்த வங்கியில் அவளுடைய குரூப் தீர்ந்திருந்தது. செயலியில் ‘பி பாசிட்டிவ்’ என்று தேடி, முதலில் வந்த மாரமங்கலத்துக்காரரை அழைத்தேன். குரூப் என்னவென்று அவரிடம் கேட்கவில்லை. திரையே சொல்கிறதே என்ற நம்பிக்கை.

மழையில் பஸ் பிடித்து வந்தார். பரிசோதித்த நர்ஸ், “இவரு ஏபி பாசிட்டிவ்ங்க, அந்தம்மாவுக்குச் சேராது” என்றார்.

கேட்ட எழுத்துகள் குரூப் பெயரில் எந்த இடத்தில் இருந்தாலும் எடுக்கும்படி செயலியை எழுதியிருந்தேன். ‘ஏபி பாசிட்டிவ்’ என்பதற்குள்ளும் ‘பி பாசிட்டிவ்’ இருக்கிறது. வேறொருவர் வந்து சேர்வதற்குள் அவள் போய்விட்டாள். அவளுடைய கணவன் வெந்நீர் ஃப்ளாஸ்க்கைக் கீழே வைக்காமலே நின்றான்.

மாரமங்கலத்துக்காரரைத் தனியே அழைத்து, தப்பு என்னுடையது என்றேன்.

“என்ற நம்பர ஆப்புல இருந்து எடுத்துராதீங்க. ஏபிக்கும் யாராச்சும் கேப்பாங்கல்லங்க.”

ஊருக்குத் திரும்பியதும் நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். இப்போது தேடல் பிசகுவதில்லை. ஆனாலும் போனில் முதலில் குரூப்பைத்தான் கேட்கிறேன்.

அன்று அந்தக் கணவன் என் கையைப் பிடித்து, “எங்களுக்காக இவ்வளவு அலைஞ்சீங்களே, நொம்ப நன்றிங்க” என்றான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.