மூச்சு தீர்ந்தவனைப் பிடித்த படம்

டைவிங் பயிற்சியின் முதல் நாளே என் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டார்கள். தண்ணீருக்குள் மூச்சு விடவே இன்னும் தெரியாது. அதற்குள் போட்டோகிராபர் உத்தியோகம்.

அறுபதுகளில் கோலார் தங்கவயலில் ஒரு மைனில் நான் பம்ப் பிட்டர். கீழே ஒரு லெவலில் தண்ணீர் சேரும் சம்ப் நிரம்பிவிட்டது. அடியில் இருந்த குழாயின் வாயை ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. ஆள் முங்கித்தான் எடுக்க வேண்டும். மெட்ராசிலிருந்து இரண்டு காற்று சிலிண்டர்களும், நேவியில் ரிட்டயரான ஒரு டைவிங் மாஸ்டரும் வந்து சேர்ந்தார்கள். என்னையும் என் கூட்டாளி முனுசாமியையும் பொறுக்கினார்கள். எங்கள் தகுதி: நீச்சல் தெரியும், எதிர்த்துப் பேசத் தெரியாது.

பழைய கல்குவாரித் தண்ணீரில் பயிற்சி. எங்கள் சூப்பரிண்டெண்ட் தன் சொந்தக் கேமராவைக் மைன் ஒர்க்‌ஷாப்பில் செய்த, கண்ணாடி பதித்த பித்தளைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ரிப்போர்ட்டோடு மேலிடத்துக்குப் படம் போக வேண்டுமாம். சம்ப் தண்ணீர் தார் போலக் கறுப்பு. அங்கே எதைப் படம் பிடிப்பது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முதலில் மூச்சைப் பழகட்டும் என்று மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். சூப்பரிண்டெண்ட் அவருக்கு ஒரு டீ வரவழைத்தார். பேச்சு அதோடு முடிந்தது.

மூன்றாம் நாள், இருபதடி ஆழம். முனுசாமியைப் பாறையோரம் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். இன்னொன்று என்று விரல் காட்டினேன். அப்புறம் இன்னொன்று. அவன் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தான். ஸ்டைல் காட்டுகிறான் என்று நினைத்து அதையும் கிளிக் செய்தேன். காற்று இல்லை என்பதற்கு அதுதான் சைகை. அன்று காலைதான் மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

முனுசாமி கேமராவைத் தட்டிவிட்டு என் வாயிலிருந்த காற்றுக் குழாயைப் பிடுங்கினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆளுக்கொரு மூச்சாக மாற்றி மாற்றி இழுத்து மேலே வந்தோம். அவன் பாறையில் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினான்.

சூப்பரிண்டெண்ட் ஓடி வந்தார். "கேமரா எங்கய்யா?" என்றார்.

முனுசாமி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "நான் சாவறேன்னு கை காட்டறேன், நீ இன்னாடான்னா போட்டோ புடிக்கிற."

மறுநாள் இருவரும் முங்கிக் கேமராவை எடுத்தோம். பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஒர்க்‌ஷாப்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஆண்டர்சன்பேட்டை ஸ்டுடியோவில் பிலிமைக் கழுவியபோது கடைசிப் படம்தான் பிரமாதமாக வந்திருந்தது. "பயிற்சியில் உற்சாகம்" என்று தலைப்பிட்டு மேலிடத்துக்கு அனுப்பினார்கள். பாராட்டுக் கடிதம் வந்தது, சூப்பரிண்டெண்டுக்கு.

சம்ப்பில் இறங்கும் நாளில், கேமரா வந்தால் ஊருக்குப் போய்விடுவதாக மாஸ்டர் சொல்லிவிட்டார். இருட்டில் கையால் தடவி, குழாயை அடைத்திருந்த கோணிச் சாக்கை நானும் முனுசாமியும் பத்தே நிமிடத்தில் இழுத்தெடுத்தோம். படம் இல்லாததால் அதை யாரும் பாராட்டவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வேலையைக் கற்கும்போதே அதைப் படமும் பிடி என்றால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். காலையில் படித்த சைகையை நான் மறந்துவிடவில்லை. படம் நன்றாக வருகிறதே என்ற சந்தோஷத்தில் இருந்தேன், அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்துக்கு முனுசாமி கிட்டத்தட்ட உயிரையே கொடுத்திருப்பான்.