பெத்தவங்க இடத்துல ஒரு கையெழுத்து

எங்க ஸ்கூல் ஹாஸ்டல் வார்டனுக்குப் பிள்ளைங்க வெச்ச பேரு சிடுமூஞ்சி. நான் கூப்பிடறது அக்கான்னு. ஆபீஸ் ரூம்ல எதிரெதிர் மேசை. பத்தொன்பது வருஷமா நான் ஃபாரம் நீட்டுவேன், அவங்க கையெழுத்துப் போடுவாங்க. பல் டாக்டர், மூக்குக்கண்ணாடி, சுற்றுலா, எதுவானாலும் அடியில அதே வரி: 'இன் லோகோ பேரண்டிஸ்'.

லத்தீனாம். அந்த மொழி பேச இப்ப ஆளே இல்ல. ஆனா இங்கிலீஷ்ல சட்டம் எழுதறவங்களுக்கு அது இல்லாம சோறு இறங்காது. பெத்தவங்க இடத்துலன்னு அர்த்தம். பிள்ளை நம்ம பொறுப்புல இருக்கிறவரைக்கும் பெத்தவங்க மாதிரி பாத்துக்கணும், முடிவெடுக்கணும். "அந்த இடத்துல நிக்கலாம்டி, உக்கார முடியாது"ன்னு அக்கா சொல்வாங்க. அவங்க கல்யாணம் பண்ணிக்கல.

போன வருஷம் பதினோரு வயசுப் பொண்ணு ஒருத்தி வயித்தைப் புடிச்சிக்கிட்டு சுருண்டுட்டா. குடல்வால் வெடிச்சிடுச்சு, உடனே ஆபரேஷன் பண்ணணும்னாங்க ஆஸ்பத்திரியில. அப்பா அம்மா கடல் தாண்டி வேலையில. இருபது தடவை போன் போட்டேன், எடுக்கல. டாக்டர் ஃபாரத்தை நீட்டினார்.

"பொறுங்கக்கா, ஏதாவது ஆச்சுன்னா உங்க தலைதான் உருளும்"னேன்.

"உருளட்டும்"னு சொல்லிட்டுப் போட்டாங்க.

மறுநாள்தான் பெத்தவங்களுக்குத் தகவல் போச்சு. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் அந்தப் பொண்ணு நல்லா கண் முழிச்சிருந்தா. தலை வாரி விடச் சொன்னா, கதை கேட்டா. "அம்மாகிட்ட பேசறியா?"ன்னு அக்கா போனை எடுத்தா, "வேண்டாம் மிஸ், நீங்க இங்கயே இருங்க"ன்னா. மூணாம் நாள் ரத்தத்துல விஷம் ஏறி, மத்தியானமே போயிட்டா. பெத்தவங்க வந்த விமானம் அப்ப இறங்கவே இல்ல.

அக்கா ஒரு சொட்டு அழல. நேரா ஆபீசுக்கு வந்து, அவங்க இல்லாம தேங்கிப்போன ஆறு ஃபாரத்தையும் கேட்டு வாங்கி மளமளன்னு கையெழுத்துப் போட்டாங்க. மனுஷியா கல்லான்னு எனக்கு எரிச்சல். திருப்பி வாங்கிப் பாத்தேன், கையெழுத்து இடமெல்லாம் காலியா இருந்துச்சு. பேனா மூடியைக் கழட்டவே இல்ல.

மறுநாள் பெத்தவங்க வந்தாங்க. "எங்களைக் கேக்காம கையெழுத்துப் போட நீங்க யாரு?"ன்னார் அப்பா. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. வாயைத் திறந்தேன், அக்கா கண்ணாலயே அடக்கிட்டாங்க.

அந்தம்மா மட்டும் மெதுவா, "கடைசியா என்னைக் கேட்டாளா?"ன்னாங்க.

"கேட்டா. ரெண்டு நாளும் உங்களைத்தான் கேட்டா"ன்னாங்க அக்கா. "வேற யாரையும் கேக்கல."