மருமகளிடம் சொல்லாத காய்ச்சல்

முதலில் வந்தது நடுக்கம். வைகாசி வெயிலில், நாகலாபுரம் பக்கத்து எங்கள் ஊரில், போர்வைக்குள் கிடந்து நடுங்கினேன்.

ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேப்பமரத்தில் ஏறி விழுந்தவன் நான். தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை) அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீர் குழாய் வழியாகப் பையில் இறங்கும். அரசாங்கத்தின் வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் ஒரு நர்ஸ் வந்து குழாயை மாற்றுவார். சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான். ஒப்பந்த நர்ஸ்கள் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் போனார்.

போகுமுன், குழாய் அடைத்தால் உப்புநீர் ஏற்றிக் கழுவும் விதத்தை மருமகள் செல்விக்குக் காட்டிக்கொடுத்தார். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். மனைவி இறந்தபின் வீட்டில் என் உடம்பைத் தொட்டவன் மகன் மட்டும்தான். அவன் புதியம்புத்தூரில் தையல் வேலை முடித்து இருட்டித்தான் வருவான்.

அன்று காலையிலிருந்து பை நிறையவில்லை. குழாய் அடைத்துக்கொண்டது என்று தெரிந்தது. செல்வி அடுப்படியில்தான் இருந்தாள். மகன் வரட்டும் என்று கிடந்தேன். அவன் வந்தபோது எனக்கு நினைவு தப்பியிருந்தது.

"செப்சிஸ்" (ரத்தத்தில் கிருமி பரவுவது) என்றார் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் டாக்டர். "இன்னும் பிந்தியிருந்தா கஷ்டம்."

எழுந்து உட்கார முடிந்த சமயத்தில், வேலைநிறுத்தத்தையும் வீட்டுப் பராமரிப்புக்கான நிதியையும் விசாரிக்க ஒரு சட்டமன்றக் குழு வார்டுக்குள் வந்தது. உறுப்பினர் ஒருவர் என் கட்டிலருகே நின்றார்.

"ஸ்டிரைக்கால நர்ஸ் வராமத்தான் இப்படி ஆச்சா பெரியவரே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கூட நின்ற அதிகாரிகள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். எனக்கு வாய் வரவில்லை.

செல்வி பேசினாள். "சிஸ்டர் எனக்குச் சொல்லிக்குடுத்துட்டுத்தான் போனாவ சார். மாமா கூச்சப்பட்டு எங்கிட்டச் சொல்லல. ஆனா, அவிய ஒத்த ஆளா எத்தனை ஊருக்கு ஓடுவாவ? இன்னொரு ஆளு, ஆம்பள ஆளாப் போட்டிருந்தா மாமா வாய்விட்டுச் சொல்லியிருப்பாவல்லா?"

யாரோ எழுதிக்கொண்டார்கள். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். என் உடம்பின் சங்கதி அத்தனை பேர் நடுவில் வெளியானது ஒரு வெட்கம். அதைச் சொல்லவேண்டிய நான் சும்மா இருந்தது அதைவிடப் பெரிது.

அவர்கள் போனபின் செல்வி கேட்டாள். "நான் ஒங்களுக்கு யாரோவா மாமா?" குரலில் கோபமில்லை.

வேலைநிறுத்தம் முடிந்து சிஸ்டர் வருகிறார். இன்னொரு ஆளை இன்னும் போடவில்லை. என்னைப் போலப் படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பை நிறையாவிட்டால் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் சொல்லுங்கள்.

இப்போது செல்விதான் சுத்தம் செய்கிறாள். அவள் வரும் நேரங்களை வைத்துத்தான் என் பொழுது நகர்கிறது. வெட்கம் போகவில்லை; கண்ணை மூடிக்கொள்கிறேன். உணர்வில்லாத இடத்தில் அவள் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. "ஆச்சு மாமா" என்பாள். அப்போது கண்ணைத் திறப்பேன்.