டாக்டர் ஜெகதீஸ்வரனுக்கு மேல்படிப்பு கிடைத்த வரலாறு

“என் கையில உசுரு மட்டுந்தான் புழங்கும். பொணத்துக்கும் எனக்கும் ஒட்டும் கிடையாது, ஒறவும் கிடையாது. எழுதி வச்சுக்கங்க!”

இந்தப் பிரகடனம் வெளியான இடம், திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊரின் காளி கோயில் வாசலில் நடந்த கிடா விருந்து. வெளியிட்டவர், மருத்துவம் படிக்க மறுநாள் கிர்கிஸ்தானுக்கு விமானம் ஏறவிருந்த ஜெகதீஸ்வரன். அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்திருந்தார். பந்தியில் யாரோ ஒருவர், “டாக்டருக்குப் படிக்கணும்னா மொதல்ல பொணத்த அறுக்கணுமாமேப்பா?” என்று எலும்பைக் கடித்தபடி கேட்டதற்கு அவர் அளித்த பதில் இது.

பதிலில் வீரம் இருந்தது. பின்னணியில் வேறொன்று இருந்தது. ஊரில் இழவு விழுந்தால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு கண்மாய்க்கரை வழியாகப் பள்ளிக்கூடம் போனவர் அவர். சங்கு ஊதும் சத்தம் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. இது ஊரறிந்த விஷயம் என்பதால் யாரும் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கரண்டிக் குழம்பு மட்டும் கேட்டார்கள்.

அவருடைய வகுப்புத் தோழர் மாரிக்கண்ணன் அருப்புக்கோட்டையில் ஒரு பிளக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பயணத்துக்கு அவர் அடித்துக் கட்டிய பலகையில் ‘ரஷ்யா புறப்படும் மருத்துவச் சிங்கமே’ என்று இருந்தது.

“ஏலே, அது ரஷ்யா இல்ல, கிர்கிஸ்தான்.”

“ரெண்டும் பனி பெய்யிற நாடுதான? நம்மூருல நாலு பேருக்கு வெளங்க வேணாமா? நீ போய்ப் படி, பேரு வைக்கிறத நான் பாத்துக்கிறேன்.”

ஆறு வருடம் கழித்து, உடற்கூறு வகுப்பைக் கடைசி வரிசையில் நின்றே கடந்து, பிணம் தொடாமல் சிங்கம் திரும்பி வந்தது. சிங்கத்தின் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டு இன்னொரு பலகை எழுந்தது. அதைப் பார்த்துவிட்டுக் காய்ச்சல்காரர்களும் மூட்டுவலிக்காரர்களும் மறுநாள் காலையிலேயே வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். இங்கேதான் ஒரு சிறிய தேசியச் சிக்கல் இருந்தது. வெளிநாட்டில் படித்து டாக்டரானவர், தான் டாக்டர்தான் என்பதை இந்திய மண்ணில் ஒரு தேர்வு எழுதி நிரூபிக்க வேண்டும். அதுவரை ஒரு மாத்திரைகூட எழுதிக்கொடுக்கக் கூடாது. தேர்வெழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் நிரூபிப்பதில்லை.

“ஊசி போட எனக்கு இன்னும் அனுமதி கிடையாது, பெரியம்மா.”

“அப்ப ஆறு வருசமா அங்க என்னத்தத்தான் போட்ட?” என்று கேட்டுவிட்டு மூட்டுவலிக்காரப் பெரியம்மா பந்தல்குடி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்.

ஜெகதீஸ்வரன் அந்தத் தேர்வில் இரண்டு முறை கௌரவமாகத் தோற்றார். மூன்றாம் முறை வென்றார். வென்றவர் அடுத்து ஒரு வருடம் ஆஸ்பத்திரிப் பயிற்சி முடிக்க வேண்டும். அதற்கு இடம் காலியாக வேண்டும். காலியாவதற்கு, ஏற்கனவே உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டும். மதுரைப் பஸ்ஸில் சீட்டுக்கு நிற்பதைப் போல அவர் நின்றார். அதுவும் முடிந்தபோது அவருடன் பள்ளியில் படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தார்கள்.

இனி மேல்படிப்பு. வெறும் எம்.பி.பி.எஸ். என்றால் இந்தக் காலத்தில் சாதா தோசை. குழந்தை டாக்டரா, எலும்பு டாக்டரா, இதய டாக்டரா என்று ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் இல்லாதவரைக்கும் ஒருவர் ‘டியூட்டி டாக்டர்’. ராத்திரியில் விழித்திருப்பதும், காலையில் பெரிய டாக்டர் வரும்போது எழுந்து நிற்பதும் அவருடைய வேலை.

நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

“எந்த நாடு?”

“கிர்கிஸ்தான் சார்.”

“ஓகோ. அங்க நோயாளிகள் என்ன பாஷை பேசுவாங்க?”

“ரஷ்யனும் பேசுவாங்க, அவங்க பாஷையும் பேசுவாங்க சார்.”

“உங்களுக்கு ரெண்டும் சரளமா வருமா?”

“கொஞ்சம் கொஞ்சம் சார்.”

“அப்ப நோயாளி சொன்னத எப்படிக் கேட்டீங்க?”

“அதிகம் கேக்கல சார். பாத்தேன்.”

பெரியவர் சிரித்தார். வேலை கொடுக்கவில்லை. அடுத்த ஆஸ்பத்திரியிலும் முதல் கேள்வி எந்த நாடு என்பதுதான். அதற்கடுத்ததிலும் அதுவே. அவருடைய மதிப்பெண்ணையோ, ஈரலின் வேலையையோ, இரண்டு சிறுநீரகமா மூன்றா என்பதையோ யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஊர்ப்பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராகச் சேர்ந்தார். அங்கே நர்சுகள் அவரை மரியாதையாக டாக்டர் என்றும், பெரிய டாக்டர் செல்லமாக ‘ரஷ்யா’ என்றும் அழைத்தார்கள். “ரஷ்யா, மூணாம் பெட்டுக்கு டிரிப்ப மாத்து.”

மேல்படிப்பு நுழைவுத் தேர்வில் முதல் இரண்டு வருடமும் அவர் வாங்கிய ரேங்க் எண், செல்போன் எண் அளவுக்கு நீளமாக இருந்தது என்று மாரிக்கண்ணன் சொல்லித் திரிந்தார். அது மிகை. எண் சற்றுச் சிறியது. மூன்றாம் வருடம் தேர்வுக்கு முன்பே ஜெகதீஸ்வரன் வீட்டில் அறிவித்துவிட்டார்: “இதுதான் கடைசி. இதுல கெடைக்கலன்னா ஆயுசுக்கும் டியூட்டி டாக்டர்தான். பெறகு யாரும் என்னைய ஒண்ணும் கேக்கக் கூடாது.”

அப்பா வீரணன் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். அதிகம் பேசாதவர். “சரிப்பா” என்றார். அம்மா மூக்கம்மாள் காளிக்கு நேர்ந்துகொண்டார்.

அந்த வருடம் ரேங்க் வந்தது. அமோகம் என்று சொல்ல முடியாது; ஆனால் இடம் கிடைக்கக்கூடிய எண். கலந்தாய்வின் முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாம் சுற்றில், வடகிழக்கே மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தை மருத்துவம் கிடைத்தது. மூன்று நாள் ரயில். அந்த வாரக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் போய்விடும்.

இங்கே ஒரு நிர்வாக நடைமுறையைச் சொல்ல வேண்டும். மத்திய அரசு இடம் ஒதுக்கினாலும், வீரணன் குடும்பத்தில் இறுதி ஆணை காளியிடமிருந்துதான் வர வேண்டும். கிணறு வெட்டுவது, பெண் எடுப்பது, லோடு வண்டி வாங்குவது எதற்கும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. அம்மன் முன்னால் போட்டுப் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். சிவப்பு என்றால் உத்தரவு. வெள்ளை என்றால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. ஒரே கேள்வியை மறுபடி கேட்கவும் கூடாது. கணினிக் கலந்தாய்வுக்கும் விதிகள் ஏறக்குறைய இவைதான்.

பூசாரி எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

“ஆத்தா வேணாங்கிறா” என்றார் மூக்கம்மாள், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

வீரணன் மகனைப் பார்த்தார். மகன் அம்மனைப் பார்த்தார். ஆறு வருடம் அறிவியல் படித்தவர் எதிர்த்து நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும் என்று வாசகர்கள் நினைக்கலாம். அவரோ கட்டி வைத்திருந்த பெட்டியை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். வாரம் முடிந்தது. பெட்டியைப் பிரித்தார்.

அதற்கடுத்த வாரம் கோயிலுக்குக் கட்டிப்போன சேலையைக் கொடியில் வெயில் காட்ட மூக்கம்மாள் எடுத்தபோது அதன் முந்தியிலிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது. பிரிக்கக் கூடாத அந்த இரண்டாவது பொட்டலம். ஜெகதீஸ்வரன் எடுத்துப் பிரித்தார். உள்ளே வாடிப்போன வெள்ளைப் பூ.

“எம்மா. இதுவும் வெள்ளையா இருக்கு.”

மூக்கம்மாள் சேலையை உதறிக் கொடியில் போட்டார். இன்னொரு தடவை உதறினார். பிறகு சொன்னார்: “ஆமா. ரெண்டும் வெள்ளதான். நாந்தான் கட்டுனேன்.”

“ஏம்மா?”

“ஆறு வருசம் பனிக்குள்ள கெடந்த. போன்ல மொகத்தக் காட்டுவ, உதடு வெடிச்சுக் கெடக்கும். மறுபடி மலையில மூணு வருசமா? ஆத்தாளுக்கு என்ன தெரியும், பெத்தவளுக்குத்தான தெரியும்.”

“சாமிய ஏமாத்திருக்கியேம்மா!”

“அதுக்குத்தான் கெடா வெட்டுறேன்னு சொல்லிட்டேன். அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. நீ தலையிடாத.”

ஜெகதீஸ்வரன் கத்தவில்லை. பனிநாட்டில் இருந்தவருக்குச் சூடேறக் கொஞ்சம் நேரமாகும். ஏறியபோது, அம்மா கொடுத்த காபியை வாங்காமல் வயலைப் பார்க்கப் போனார். வெயில் தாங்காமல் திரும்பி வந்து அதே காபியை ஆறிய பிறகு குடித்தார். நான்கு நாள் அம்மாவிடம் பேசவில்லை.

கடைசிச் சுற்று வந்தது. குழந்தைகள், எலும்பு, கண், காது எல்லாவற்றையும் மேலே இருந்தவர்கள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவருக்கு வந்து சேர்ந்தது தெற்கு மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில், ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில், தடயவியல் மருத்துவம்.

மூக்கம்மாளுக்குத் தூரம் பிடித்திருந்தது. “அது என்ன வைத்தியம்யா?” என்றார். மகன் பேசாமல் இருந்ததால், வந்திருந்த மாரிக்கண்ணன் விளக்கினார்.

“போஸ்ட்மார்ட்டம் டாக்டரு சின்னம்மா. பாம்பு கடிச்சது, லாரி அடிச்சது, மருந்து குடிச்சது எல்லாம் வரும். இவன் அறுத்துப் பாத்து எப்படிச் செத்தாகன்னு சொல்லணும்.”

மூக்கம்மாள் வாயில் முந்தியை வைத்துக்கொண்டார். வீரணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அது இருமல் போலத் தெரியவில்லை.

“பிளக்ஸுல என்னத்தலே போட? பொணம் தொடாத சிங்கமேன்னா?” என்றார் மாரிக்கண்ணன்.

“வாய மூடுலே.”

“வேணாம்யா,” என்றார் மூக்கம்மாள். “பொணத்தத் தொட்ட கையால சோறு திம்பியா நீ? நாந்தான் பாவி. அந்த மலைக்கே அனுப்பிருக்கலாம். இரு, நாளைக்குக் கோயில்ல போய்—”

“பூவெல்லாம் வேணாம்மா,” என்றார் ஜெகதீஸ்வரன், நான்கு நாளுக்குப் பிறகு முதன்முறையாக. “உசுரோட இருக்கவன் பூராம் எந்த நாட்டுல படிச்சேன்னு கேக்கான். செத்தவன் கேக்கமாட்டான்ல. போறேன்.”

“சரிப்பா” என்றார் வீரணன்.

சேர்ந்த புதிதில் அவர் பட்டபாட்டை விரிவாகச் சொல்வது, சாப்பிட்டபடி படிப்பவர்களுக்கு நல்லதல்ல. சுருக்கமாக: முதல் நாள் பிணவறை வாசலில் நின்றார். இரண்டாம் நாள் உள்ளே சுவரோரம் நின்றார். மூன்றாம் நாள் வெளியே ஓடினார். ஒரு மாதத்துக்கு மோர்ச்சோறு தவிர எதுவும் இறங்கவில்லை. பேராசிரியர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, “காலையில சாப்பிட்டீங்களா?” என்பது. நாட்டைப் பற்றி அந்தக் கட்டடத்தில் ஒருவரும் விசாரிக்கவில்லை. ஜெகதீஸ்வரன் மெல்ல மெல்லச் சுவரிலிருந்து மேசைக்கு வந்து சேர்ந்தார்.

இரண்டாம் வருடம், மக்காச்சோளம் கதிர் வாங்கும் சமயம், மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தோட்டத்தில் விரியன் கடித்து, ஆஸ்பத்திரியில் இறந்தவர். நிவாரணத்துக்கும் சட்டத்துக்கும் போஸ்ட்மார்ட்டம் வேண்டும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி ஆவுடைத்தாய், பச்சை அங்கியில் வந்த ஜெகதீஸ்வரனைப் பார்த்ததும் எழுந்தார்.

“அய்யா, தலையில கைவைப்பீகளா?”

இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போவது எளிது. அவர் நின்றார்.

“வைக்கணும்மா. ஆனா மொகத்துல ஒண்ணும் தெரியாது. தையலு முடிக்குள்ள மறைஞ்சிரும்.”

“எம்மக மெட்ராஸுல இருந்து வந்துக்கிட்டிருக்கா. அவ பாக்கணும். அவுக மொகம் அவுக மொகமா இருக்கணும் அய்யா.”

“இருக்கும்.”

வேலை முடிந்தது. உடலைத் தைத்து அனுப்புவது உதவியாளர் வெள்ளத்துரையின் பொறுப்பு. அவர் சாக்குத் தைக்கும் கோணூசியை எடுத்துக்கொண்டு வந்தார்.

“நீங்க கை கழுவிட்டு டீ சாப்பிடுங்க சார். நாலு இழுப்பு இழுத்து விட்ருறேன்.”

“இருக்கட்டும்ணே, நான் தைக்கிறேன். நூலு மட்டும் மெலிசா எடுங்க.”

“இதுக்கா சார்? எரிக்கத்தான போறாக.”

“மக பாக்கணுமாம்ணே.”

வெள்ளத்துரை கோணூசியை வைத்துவிட்டு மெல்லிய நூலை எடுத்துக் கொடுத்தார். ஜெகதீஸ்வரன் காதுக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்து, நெருக்கமாக, முடிக்கற்றைகளை ஒதுக்கி ஒதுக்கித் தைத்துக்கொண்டே போனார். பிறகு உடலைக் கழுவித் துடைத்தார்கள். ஈரத்தில் முடி நெற்றியில் விழுந்து கிடந்தது. அவர் அதை விரலால் ஒதுக்கிப் பார்த்தார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

“அம்மா, அவுக வகிடு எந்தப் பக்கம் எடுப்பாக?”

 ஆவுடைத்தாயின் கை தானாக எழுந்து தன் தலையின் இடப்பக்கத்தைத் தொட்டது.

“இந்தப் பக்கம் அய்யா. வழிச்சுச் சீவுவாக.”

கூட வந்தவர்களில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து நீட்டினார். ஜெகதீஸ்வரன் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு கையால் பிடரியைத் தாங்கி, மறு கையால் வகிடு எடுத்தார். முதல் தடவை கோணலாக விழுந்தது. கலைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.