பெண்குருவி உள்ளே போய்ப் பார்க்கும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கஞ்சி அக்கா என்று பெயர். நர்சுகளின் உடுப்புக்கு அவள் போடும் கஞ்சி ஒரு காரணம், வளைந்துகொடுக்காத சுபாவம் இன்னொரு காரணம். நாற்பத்து நான்கு வயதாகியும் கல்யாணமாகவில்லை. அதற்காகக் கவலைப்படாத ஒரே ஆள் அவள்தான்.

மத்தியானம் அவள் பின்பக்கத் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். எதிர்ச்சுவரில் ஒரு பொந்து. அதன் வாயில் ஒரு ஆண் சிட்டுக்குருவி நெஞ்சுக் கறுப்பை நிமிர்த்தி, இறக்கையைத் தொங்கவிட்டு, வாலைத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தும். பெண்குருவி அந்த ஆட்டத்தையெல்லாம் சட்டை செய்யாது. நேராகப் பொந்துக்குள் போய்ப் பார்க்கும். பிடிக்கவில்லையென்றால் பறந்துவிடும். நெருங்கினால் ஆணுக்குக் கொத்துதான் கிடைக்கும். பொந்து பிடித்துவிட்டால் பெண்ணே பதுங்கி உட்கார்ந்து இறக்கையைப் படபடக்கும். அப்புறம்தான் ஆண் பக்கத்தில் வரலாம். மூன்று பெண்குருவிகள் உள்ளே போய்த் திரும்பின, நான்காவதுதான் தங்கியது. முதல் மூன்றையும் ஒரு காக்கைகூடத் திட்டவில்லை.

இந்த நேரத்தில்தான் அண்ணன் ஒரு வரன் கொண்டுவந்தார். மனைவியை இழந்த கண்ணாடிக்கடைக்காரர். நல்ல மனுஷர், சொந்த வீடு. அண்ணன் வாக்கும் கொடுத்துவிட்டார். வீட்டைப் பார்க்காமல் சம்மதம் சொல்லமாட்டேன் என்று இவள் ஒரே பிடியாக நின்றாள். சம்மதிக்காவிட்டால் தன் வீட்டில் இடமில்லை என்று அண்ணன் சொன்னதற்கும் அசையவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவரே கூட்டிப்போனார்.

கூடத்தில் புது நாற்காலிகள், பளபளக்கும் அலமாரி. கடைக்காரர் தன் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். இவள் எழுந்தாள். மற்ற அறைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவருடைய அக்கா குறுக்கே வந்தாள். இவள் ஒதுங்கிக் கடைசி அறைக் கதவைத் திறந்தாள்.

கடைக்காரரின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். விரிப்பு நனைந்திருந்தது. இப்படியொருவர் இருப்பதாக யாரும் மூச்சு விட்டதில்லை. சுவரில் ஒரு அட்டவணை: புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, துணி மாற்றுவது. அடுத்த மாதத்திலிருந்து எல்லாக் கட்டத்திலும் “புது ஆள்” என்று எழுதியிருந்தது.

அந்தப் புது ஆள் அவள்தான். பெயரைக்கூடக் கேட்டு எழுதவில்லையே. ஆனாலும் கிழவரை மெல்லப் புரட்டி, விரிப்பை மாற்றி, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். அவர் கண்ணால் நன்றி சொன்னார்.

அதற்குள் எல்லோரும் அறை வாசலில் கூடிவிட்டார்கள்.

“எனக்கு இந்த இடம் வேண்டாம்,” என்றாள்.

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. “இந்த வயசுல இதையும் விட்டா வேற எவன் வருவான்?”

“வரலைன்னா போகட்டும்,” என்றவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். “நோயாளியப் பாக்க நான் தயங்கல. இவரை மறைச்சு வச்சு என்னை வரச் சொன்னீங்களே, அதுதான் ஆகாது. உங்க வீட்டிலயும் நான் இருக்கலண்ணா. ரூம் பாத்துக்கிறேன்.”

அட்டவணைக்குப் பக்கத்தில் பேனா தொங்கியது. அவள் அதை எடுத்து, “புது ஆள்” ஒவ்வொன்றையும் நிதானமாக அடித்தாள். ஒன்றுவிடாமல் எல்லாக் கட்டத்திலும் “மகன்” என்று எழுதினாள்.