மேட்டுக்கும் பாலத்துக்கும் நடுவே

ஆரின் ட்வேட்டிடமிருந்து நாலு வார்த்தை பிடுங்க வேண்டுமென்றால், எங்கள் மொன்டானா மாநிலத்திலேயே அதற்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. ஸ்டால்பர்க் மேட்டுக்கும் டெட்ஹார்ஸ் ஓடைப் பாலத்துக்கும் நடுவே இருபத்திரண்டு மைல். அந்த நெடுகிலும் வீடு கிடையாது, மரம் கிடையாது. வேலியும் அதற்குப் பின்னால் மாடுகளும்தான். மேட்டில் ஏறி இறங்கியதுமே எங்கள் ஊர் வானொலி, மாட்டு விலையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரகரத்துச் செத்துப்போகும். பாலம் தாண்டினால்தான் க்ளென்டைவ் நிலையம் பிடிக்கும். நடுவில் எந்த ஊர்க் குரலும் எட்டாது.

ஆரினும் வெண்டல் ஷாக்கும் க்ளென்டைவ் ரயில்வே பணிமனையில் சரக்குப் பெட்டிகளுக்குப் பழுது பார்ப்பவர்கள். ஊரிலிருந்து எழுபது மைல். பதினோரு வருஷமாக ஒன்றாகத்தான் போய் வருகிறார்கள். ஒரு வாரம் இவன் வண்டி, ஒரு வாரம் அவன் வண்டி. ஓட்டுகிறவன் கைதான் ரேடியோவில் இருக்கலாம், பக்கத்தில் இருப்பவன் தொடக் கூடாது என்பது சட்டம். ரேடியோ பாடும்போது பேசக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் இருவரும் பேசியதில்லை. எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் லேசில் வாயைத் திறக்க மாட்டார்கள். அதை அடக்கம் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் பயம் என்பேன்.

ரேடியோ செத்துப்போனால் மட்டும் வேறு வழியில்லை. தன் மனைவி ஃபார்கோவுக்கே போய்விட்டாள், இனி வர மாட்டாள் என்று வெண்டல் சொன்னது அந்த இருபத்திரண்டு மைலில்தான். மேட்டில் ஆரம்பித்தவன் பாலத்துக்கு நாலு மைல் முன்னாலேயே முடித்துவிட்டான். மிச்ச நாலு மைலும் இருவரும் சூரியகாந்தி விதையைக் கொறித்து, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே வந்தார்கள். ஆரினின் அப்பாவுக்குப் பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் போனதும், அவன் மனைவி லோர்னாவுக்கு மார்பில் கட்டி என்று பயந்து, பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அங்கேதான் பேசப்பட்டன. பாலம் வந்தால் பேச்சு நின்றுவிடும். பாதியில் நின்ற பேச்சை மறுநாள் மேட்டில் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாயிரத்து ஐந்து பிப்ரவரியில் ஆரினிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று சேர்ந்துவிட்டது. ஏப்ரலில் அவனுக்கு அறுபது. முப்பது வருஷ வேலையும் அறுபது வயதும் சேர்ந்தால் ரயில்வேயில் முழு ஓய்வூதியம். ஸ்போகேனில் இருக்கும் மகள் கிர்ஸ்டனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. லோர்னா இனி ஒரு பனிக்காலம்கூட இங்கே இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டை வாங்க ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் வந்தாயிற்று. மே மாதம் சாமான்களை ஏற்ற வேண்டியதுதான்.

"வெண்டல்கிட்ட சொல்லிட்டியா?" என்று லோர்னா கேட்டாள்.

"நாளைக்குச் சொல்றேன்."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"மேட்டத் தாண்டினதும் சொல்றேன்."

"மேட்டுக்கு அந்தப்பக்கம் என்ன, சர்ச்சா இருக்கு? ஃபோன எடுத்து ரெண்டு வார்த்த சொல்றதுக்கு இந்தப் பாடா? அடுத்தவங்க சொல்லி அவன் கேட்டான்னா உன் மூஞ்சில முழிப்பானா?"

அதுதான் ஆரினுக்கும் கவலை. அவன் போய்விட்டால் வெண்டல் ஒண்டியாக எழுபது மைல் போய், ஒண்டியாக எழுபது மைல் வந்து, ஆளில்லாத வீட்டைத் திறக்க வேண்டும். அதை அவனிடம் தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று ஆரின் முடிவு செய்திருந்தான். திங்கட்கிழமை மேட்டில் எப்படி ஆரம்பிப்பது என்றுகூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை வெண்டலின் காரில் ஏறினால், முன்பலகையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. கூரையில் காந்தம் வைத்த ஆன்டெனா, அதிலிருந்து கதவிடுக்கு வழியாக ஒரு ஒயர்.

"இது என்னய்யா?"

"சாட்டிலைட் ரேடியோ. பில்லிங்ஸ்ல என் சித்தப்பா பையன் கட வச்சிருக்கான்ல, அவன்தான் பாத்துட்டுக் குடுன்னு தந்தான். ரெண்டு கம்பெனி இருக்குய்யா. ஒருத்தன் பேஸ்பால் ஆட்டத்த எல்லாம் வாங்கி வச்சிருக்கான். இன்னொருத்தன் ஃபுட்பால வாங்கி வச்சிருக்கான். ஒருத்தன் பெட்டில அடுத்தவன் வரமாட்டான். ரெண்டு வாரம் இதக் கேப்போம், ரெண்டு வாரம் அதக் கேப்போம், அப்புறம் ஒண்ண எடுத்துப்போம்."

"எடுத்துப்போம்னா?"

"நாமதான். பெட்டி ஒண்ணு போதும். மாட்டுற தாங்கி மட்டும் ரெண்டு. உன் வாரம் உன் வண்டில மாட்டு, என் வாரம் என் வண்டில."

ஆரினுக்கு அந்த 'நாம' நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. சரி, மேடு வரட்டும் என்று இருந்தான். மேடு வந்தது. ரேடியோவில் பிடில் வாசித்துக்கொண்டிருந்தவன் மேட்டில் ஏறினான், இறங்கினான், வாசித்துக்கொண்டே இருந்தான். ஒரு கரகரப்பு இல்லை. ஆரின் ஆன்டெனா இருக்கும் இடத்தைக் கூரைக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தான். வானத்திலிருந்து வருகிறவனுக்கு மேடென்ன, பள்ளமென்ன? பாலம் வரைக்கும் ஆறு பாட்டு. பாடியவர்களின் பெயரெல்லாம் அந்தப் பச்சைத் திரையில் வரிசையாக வந்து போயிற்று. அவன் சொல்ல நினைத்த விஷயம் ஊரிலிருந்து கிளம்பினபடியே க்ளென்டைவ் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் ஆரினின் முறை. தாங்கியை வெண்டலே வந்து அவன் பிக்கப் வண்டியில் திருகி வைத்துவிட்டுப் போனான். ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த ஐந்து நாளும் ரேடியோ ஆரினின் கைக்குள் இருந்தது. ஒரு விரல் போதும், அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. பெட்டி மேல் பழியைப் போட்டுக்கொண்டு, பேசாமல் இருப்பது அவனுக்கும் சுகமாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் இரண்டாவது கம்பெனியின் பெட்டி வந்தது. வெண்டல் ஒரு பழைய விதை விலைப்பட்டியலின் முதுகில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் இதையும் மறுபக்கம் அதையும் எழுதிக்கொண்டு வந்தான். பணிமனையில் மதிய ரொட்டியைத் தின்றுகொண்டே அதை வைத்து ஆரினைக் குடைவான்.

"பழைய கன்ட்ரி பாட்டு எதுல நல்லா இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா? உனக்குக் காது இருக்கா, இல்ல பணிமனைல சுத்தியல் அடிச்சே போயிடுச்சா? இதுல ஒருத்தன் பாட்டுக்குப் பாட்டு வந்து வள வளன்னு பேசுறான். அதுல போட்டுட்டு மூடிட்டு இருக்கான்."

"மூடிட்டு இருக்கறவன எடு."

"அது சரி, உனக்குத் தோதான ஆளு. ஆட்டம்? பேஸ்பாலா, ஃபுட்பாலா?"

"நம்ம ஊர்ல நாளைக்குப் பனி பெய்யுமான்னு இதுல எதாவது சொல்லுமா?"

"நியூயார்க்ல பெய்யுதான்னு சொல்லும்."

"அப்ப ரெண்டும் வேணாம்."

"கிழவா! கேட்டதுக்குப் பதில் சொல்லு. உனக்கு எது புடிச்சிருக்கு?"

ஆரின் நழுவுவான். நான் இருக்கப் போவதில்லை, என்னை ஏன் கேட்கிறாய் என்று சொல்ல வேண்டிய இடத்தில், காபி ஆறிப்போச்சு என்பான். வெண்டல் விடவில்லை. வெண்டல் தன் வாழ்க்கையில் இவ்வளவு சிரத்தையாக எதையும் கேட்டதில்லை. ஒரு ரேடியோ வாங்க ஒருவன் இப்படி மாய்ந்து போவானா என்று ஆரினுக்கு ஆச்சரியம்தான். ஆச்சரியப்பட்டதோடு விட்டுவிட்டான்.

இரண்டையும் கேட்டு முடித்த பிறகு, ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை, வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது வெண்டல் சொன்னான்: "நாளைக்குச் சாயங்காலம் ஃபோன் போட்டுடப் போறேன். ரெண்டு கம்பெனிக்காரனுங்களுமே ஆயுள் சந்தான்னு ஒண்ணு வச்சிருக்கானுங்க. ஒரு தடவ கட்டிட்டா பெட்டி உயிரோட இருக்கற வரைக்கும் பாடும். எந்தக் கம்பெனின்னு காலையில நீ சொல்லணும். தப்பிக்க முடியாது."

அன்று சாப்பாட்டில் ஆரின் கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டே இருந்தான். லோர்னா முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"நாளைக்கும் நீ சொல்லலன்னா நானே போய்ச் சொல்லிடுவேன்" என்றாள். "அவன் உன்ன நம்பி ஆயுளுக்கும் கட்டிட்டு உக்காந்திருப்பான். நீ வெக்கமே இல்லாம டாட்டா காட்டிட்டு வருவ."

வெள்ளிக்கிழமை காலை மேட்டை நெருங்கும்போது பொழுது புலர்ந்திருந்தது. பனி உருகி வயல் திட்டுத்திட்டாகக் கறுத்துக் கிடந்தது. வண்டி வெண்டலுடையது. மேட்டில் ஏறி இறங்கினார்கள். யாரோ ஒருவன் தன் பழைய காதலியைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தான். ஆரின் கையை நீட்டி ரேடியோவை அணைத்தான்.

பதினோரு வருஷத்தில் பக்கத்துச் சீட்டுக்காரன் கை அங்கே போனது அதுதான் முதல் தடவை. வெண்டல் திட்டப் போகிறான் என்று காத்திருந்தான். வெண்டல் திட்டவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் ரேடியோ செத்தாலும் அதன் கரகரப்பாவது துணைக்கு இருக்கும். இப்போது டயர் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

"வெண்டல், சந்தா கட்டாத. எனக்காகக் கட்டாத. நான்... நானும் லோர்னாவும் ஸ்போகேன் போறோம். வீட்ட வித்தாச்சு. மே மாசம்."

ஒரு மைல் போயிற்று.

"தெரியும்" என்றான் வெண்டல்.

"தெரியுமா?"

"ஜனவரியிலயே தெரியும். வீடு வாங்கற அந்த வாத்தியார் என்னைத்தான் வந்து கேட்டாரு. பனி உருகும்போது நிலவறைல தண்ணி ஏறுமா, உண்மையச் சொல்லுங்கன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"உடனே ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் நின்னேன். முட்டி வரைக்கும் ஏறும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அந்தாளு ஓடிருப்பாரு. நீ இங்கயே கெடந்திருப்ப." வெண்டல் மூக்கை உறிஞ்சினான். "ஒரு சொட்டு ஏறாதுன்னு சொல்லிட்டேன். கிர்ஸ்டன் குழந்தைங்க படம் உங்க ஃபிரிட்ஜ்ல ஒட்டிருந்துச்சு, பாத்தேன்ல."

ஆரினுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டு மாதமாக இதை நான் மட்டும்தான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தான். பக்கத்துச் சீட்டில் இருந்தவனும் அதையே சுமந்துகொண்டு வந்திருக்கிறான்.

"அப்புறம் எதுக்கு இந்தப் பெட்டி? நாமன்ன. ரெண்டு தாங்கின்ன."

"இதுக்குத்தான்" என்று வெண்டல் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை எடுத்து முன்னால் கிடந்த சாலையைக் காட்டினான். "இந்த இருபத்திரண்டு மைல ஒத்தையில எப்படித் தாண்டறதுன்னு யோசிச்சேன். எழுபதுல மிச்சத்த ஓட்டிடுவேன், அங்கதான் எதாவது பாடும். இங்க அந்தக் கரகரப்புல நான் மட்டும் எப்படிய்யா உக்காந்திருக்கறது?"

ஆரின் விதைப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நீ சொல்லிடக் கூடாதுன்னுதான் நிறுத்தாம ஓட விட்டேன். நீ வாயால சொல்லாத வரைக்கும் நீ போகலன்னு வச்சுக்கலாம்ல. சின்னப்புள்ளத்தனம்தான். சிரிக்காத."

"சிரிக்கல."

"உன்கிட்ட எது புடிக்கும்னு கேட்டது மட்டும் நெசமாத்தான் கேட்டேன். நீ எதக் கேப்பியோ அதையே கேட்டுட்டுப் போகலாம்னு. நீ என்னடான்னா காபி ஆறிப்போச்சுங்கற."

ஆரின் விதைப் பொட்டலத்தைப் பிரித்தான், தின்னவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "பேஸ்பால் எடு" என்றான்.

"ஏன்?"

"ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் அனேகமா தினம் ஒரு ஆட்டம் இருக்கும். நீ திரும்பி வர்ற நேரத்துக்குத் தொடங்கிடும். அந்த வர்ணனை சொல்றவனும் சும்மா சும்மா பேசமாட்டான். பந்துக்குப் பந்து நடுவுல பேசாம இருப்பான். பின்னால ஜனங்க சத்தம் மட்டும் கேக்கும்."

"உன்ன மாதிரின்னு சொல்லு."

"என்ன விட நாலு வார்த்த கூடப் பேசுவான்."

வெண்டல் ஹக் என்று சிரித்தான். "சரி. பேஸ்பால்" என்றான்.

பாலம் தெரிந்தது. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். யோசித்து மூடவில்லை, பதினோரு வருஷப் பழக்கம். ஓடையில் பனிக்கட்டி உடைந்து மிதந்துகொண்டிருந்தது. பலகை தடதடத்தது. பாலம் தாண்டியாயிற்று. க்ளென்டைவ் நிலையம் பிடிக்கும் இடம். வெண்டலின் கை ரேடியோ வரைக்கும் போயிற்று. தொடாமல் திரும்பி வந்தது.

"உன் வண்டில இருக்கற அந்தத் தாங்கிய நான் கழட்டல" என்றான்.

"எனக்கு எதுக்கு அது? பெட்டி உன்கிட்டல்ல இருக்கும்."

"இருக்கட்டும். நீ எப்பவாவது இந்தப் பக்கம் வருவ. வந்தா உன் வண்டிலதான் போவோம், உன் வாரம்னு வச்சுப்போம்." அவன் நிறுத்தவில்லை. "ஸ்போகேன்ல பனி எப்படிய்யா? லோர்னாவோட முட்டிக்கு ஒத்துக்குமா? அந்தக் குழந்தைங்களுக்குப் பேர் என்ன வச்சிருக்காங்க? ரெண்டு மாசமா கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன், கேக்க வழியில்லாம போச்சு..."

ஆரின் பெயர்களைச் சொன்னான். வெண்டல் அடுத்ததைக் கேட்டான். பணிமனை வாசலில் வண்டியை நிறுத்தும்வரைக்கும் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள்.